கத்திக்கு விலை சொல்லும் பொறுப்பு

என் மாமனாரின் கத்திகள் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் இருந்தன. ஈப்போவில், சிலிபின் பகுதியில், நாங்கள் குடியிருக்கும் வீட்டில் மாமியாரின் அறை; அங்கே இரும்பு அலமாரியின் மேல் தட்டு. அலமாரிச் சாவி கதவருகே ஓர் ஆணியில் தொங்கும். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திறக்கலாம், திரும்ப மாட்டிவிடலாம். அது ஒரு குறை என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

மாமனார் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, கணக்கு எழுதுபவராக, இருந்தவர். தோட்டத்தை விட்டுப் போன ஒரு மேனேஜர் வீட்டுச் சாமான்களை விற்றபோது, மான்கொம்புப் பிடி போட்ட ஜெர்மனிக் கத்தி ஒன்றை வாங்கினாராம். மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அந்த ஒன்றில் பிடித்த ஆசை. ரப்பர் தோட்டம் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டமானது, பிறகு அதுவும் போய் வீடமைப்புப் பகுதியானது. குடும்பம் ஈப்போவுக்கு வந்த பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சாமான் சந்தைக்குப் போய் ஒவ்வொன்றாகச் சேர்த்தார். அவற்றால் ஓர் ஆப்பிளைக்கூட அவர் வெட்டிப் பார்த்ததில்லை. தையல் மிஷின் எண்ணெயைப் பஞ்சில் தொட்டுத் தடவி, திரும்ப மூடி வைப்பார். அவ்வளவுதான்.

அவர் இறந்த பிறகு எண்ணெய் போட ஆளில்லை. ஒருநாள் என் மகள் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அந்த அலமாரி முன்னால் நிற்பதைப் பார்த்தேன். கதவு சாத்தித்தான் இருந்தது. ஆனால் எனக்குள் டின் விழுந்துவிட்டது, கத்திகள் சிதறிவிட்டன, எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. நான் அப்படித்தான். நடக்காததை முழுதாகப் பார்த்துவிட்டுத்தான் நடந்ததைப் பார்ப்பேன்.

"அத்தை, பிள்ள இருக்கிற வீட்டுல இது வேணாமே" என்றேன்.

வருடத் திதி முடிந்த மறுவாரம் மாமியார் தாமாகவே சொன்னார்.

"வித்துடு. வர்றத ரெண்டு மகனுக்கும் சரிபாதியா கொடுத்துடலாம். நீதான் கணக்கு டீச்சர். நல்ல வெலையா நீயே பாரு."

நீயே பாரு. மருமகளிடம் இதைவிடப் பெரிய பொறுப்பைக் கொடுக்க முடியாது. விலை குறைந்தால் விவரம் இல்லாதவள். கூடினால், இன்னும் எவ்வளவு வந்ததோ, இவள் எவ்வளவு சொல்கிறாளோ என்ற பேச்சு வரும். சரியான விலை ஒன்று எங்கேயோ இருக்கிறது, அதைக் கண்டுபிடித்தால்தான் இந்த வீட்டில் என் பேர் கெடாது என்று நினைத்துக்கொண்டேன்.

கணவரின் அண்ணனிடம் போனில் சொன்னோம். அத்தான் கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவர் சிரித்தார்.

"அந்தத் துருக் கத்திங்களா? என் கூட்டாளி ஒருத்தன் இருக்கான்ம்மா, பழசு வாங்குவான். அப்பா தவறுனப்பவே கேட்டேன், மொத்தமா எண்ணூறு வெள்ளிக்கு எடுத்துக்குறேங்கிறான். எதுக்கு தலவலி? கொடுத்துட்டுப் போலாம் லா."

பார்க்காத பொருளுக்கு ஒருவன் விலை சொல்கிறான் என்றால் அவன் முட்டாளாக இருக்க வேண்டும், அல்லது யாரோ அவனுக்கு ஏற்கெனவே காட்டியிருக்க வேண்டும். அத்தானின் கூட்டாளி முட்டாளாக இருப்பான் என்று எனக்குப் படவில்லை.

நான் படிக்க ஆரம்பித்தேன். மகள் மதியம் தூங்கும் நேரமெல்லாம் கத்திதான். முதலில் விற்கப் போட்டுப் பார்த்தேன். ஆயுதம் விற்கக்கூடாது என்று இணையச் சந்தையில் என் விளம்பரத்தையே தூக்கிவிட்டார்கள். பிறகு சேகரிப்பாளர்கள் பேசிக்கொள்ளும் ஒரு குழுவில் சேர்ந்தேன். கணவரின் பெயரைப் போட்டேன், முகத்தைக் காட்டவில்லை. கத்தி விற்கும் பெண் என்றால் என்ன நினைப்பார்களோ.

அங்கேதான் தெரிந்தது: கேட்கிற விலை விலையே இல்லை. ஆயிரம் வெள்ளி என்று எவனும் எழுதி வைக்கலாம். விற்று முடிந்த விலை எது என்று தேட வேண்டும். அலகு முழுதாக இருக்கிறதா, தீட்டித் தீட்டி ஒல்லியாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். அலகு பிடிக்குள் நுழையும் இடத்தில் செய்த ஊரின் முத்திரை இருக்கும். அது தெளிவாக இருக்க வேண்டும். மடக்கும்போது 'டக்' என்று அடித்து உட்கார வேண்டும். பிடி பழசாகவே இருக்க வேண்டும், மாற்றியிருக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட, காலம் அந்த இரும்பின் மேல் ஏற்றிய கருமை அப்படியே இருக்க வேண்டும். துருவை விரும்ப மாட்டார்கள். ஆனால் மழைமேக நிறத்தில் படிந்த கருமைக்குத் தனியாகப் பணம் கொடுப்பார்கள்.

மான்கொம்புக் கத்திக்கு இதெல்லாம் இருந்தது. அலகின் மேல் இன்னொன்றும் இருந்தது: வெளிச்சத்தில் சாய்த்தால் மட்டும் தெரியும் ஒரு சின்ன இலைக்கொத்து. மேலோட்டமாகப் பொறித்திருந்தார்கள். அந்தப் பொறிப்பு மிஞ்சியிருக்கும் கத்திகள் குறைவு என்று குழுவில் படித்தேன். ஜன்னலோரம் வைத்துப் படமெடுத்தேன். டின்னில் இருந்த எல்லாக் கத்திகளையும் முன்னும் பின்னும் எடுத்தேன். விற்பதற்கு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முழுக்க அதற்காக மட்டும் இல்லை.

பழைய நகரத்தில் பழம்பொருள் கடை வைத்திருக்கும் ஒரு சீனரிடம் அந்தப் படங்களைக் கொண்டுபோனேன். சின்ன வயதில் அவருடைய அப்பா தோட்டத்துப் பக்கம் மளிகைக்கடை வைத்திருந்ததால் அவருக்குத் தமிழ் வரும். கைப்பேசியை வாங்கி இலைக்கொத்து வந்த இடத்தை விரலால் பெரிதாக்கினார். நான் அவர் கண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சி, இது எங்க எடுத்தே?"

"என் மாமனாரோடது."

"கொண்டு வா. தொடைக்காதே, தீட்டாதே. அப்படியே கொண்டு வா. இது ஒன்னுக்கே அறுநூறு தரேன்."

இதே மாதிரிக் கத்திகள் எழுநூறு, எழுநூற்றைம்பதுக்கு விற்று முடிந்ததை நான் பார்த்திருந்தேன். கடைக்காரருக்கும் லாபம் வேண்டும். அறுநூறு நியாயமான விலைதான். ஆனாலும் வீடு வந்து சேரும்வரை ஒரே கேள்வி: யோசிக்காமல் அறுநூறு சொல்கிறார் என்றால், யோசித்திருந்தால் எவ்வளவு சொல்லியிருப்பார்?

மாமியாரிடம் சொன்னேன். மற்றதையும் சேர்த்தால் மொத்தம் ஆயிரத்து ஐந்நூறு பக்கம் வரும் என்றும் சொன்னேன். அவர் அதையே அத்தானுக்குப் போன் போட்டு என் காதுபடச் சொன்னார்.

"அவ்ளோவா?" என்றார் அத்தான்.

அந்த 'அவ்ளோவா' எந்தத் தொனியில் வந்தது என்று எனக்கு இன்றைக்கும் தீர்மானமாகச் சொல்ல முடியாது.

அந்த வாரமே மகளுக்குக் காய்ச்சல். டெங்கியாக இருக்கலாம், இரத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். நானும் கணவரும் மாறி மாறி அங்கேயே கிடந்தோம். நடுவில் ஆயுத பூசை வந்தது. துக்கம் கழிந்து வரும் முதல் பூசை. மாமியார் தனியாக இருக்கக்கூடாது என்று அத்தான் கமுந்திங்கிலிருந்து வந்து வீட்டில் தங்கினார். டெங்கி இல்லை என்று சொல்லி எங்களை வீட்டுக்கு அனுப்பியபோது பூசை முடிந்து, அத்தானும் போய்விட்டிருந்தார். காரில் காய்ந்த எலுமிச்சையும் கதவில் சந்தனக் கோடும்தான் மிச்சம்.

மகளுக்கு உடம்பு தேறிய பிறகு, கடைக்குக் கொண்டுபோக டின்னைத் திறந்தேன்.

மான்கொம்புக் கத்தியை விரித்தேன். அலகு வெள்ளி டம்ளர் மாதிரி பளபளத்தது. மழைமேக நிறம் இல்லை. ஜன்னலோரம் கொண்டுபோய் இப்படியும் அப்படியும் சாய்த்தேன். இலைக்கொத்து இல்லை. தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது. மற்ற கத்திகளும் அப்படித்தான், ஒன்றுகூட என் படத்தில் இருந்த மாதிரி இல்லை.

மாற்றிவிட்டார். வேறு என்ன நினைப்பது? வீட்டில் தங்கியவர் அவர். பழசு வாங்கும் கூட்டாளி அவருக்கு இருக்கிறான். விலை தெரிந்த பிறகு நடந்திருக்கிறது. புதுசாகப் பளபளக்கும் மலிவான கத்திகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பழசைக் கொண்டுபோயிருக்கிறார். படித்தவள் என்றாலும் பெண்தானே, கத்தியைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்திருப்பார்.

மாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஆனால் எப்படிக் கேட்பது? 'டின்ன யாரு தொட்டது அத்தை?' என்றால், 'உங்க மூத்த மகன் திருடினாரா?' என்றுதான் அர்த்தம். அவருக்கு அது புரியாமலா போகும்?

கணவரிடம் சொன்னேன். அவர் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தானே இருக்கு?"

"அதாங்க பிரச்சனை. நல்லா இருக்கு."

"அண்ணன் அப்படியெல்லாம் செய்ய மாட்டான். நீ கண்டதையும் யோசிச்சுக்கிட்டு. கேட்டுடாத, தெரியுதா? அப்புறம் தீபாவளிக்கு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்க முடியாது."

கேட்கவில்லை. சுற்றி வளைத்தேன். அத்தானுக்குப் போன் போட்டு, பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது என்றேன், பூசை நல்லபடியாக நடந்ததா என்றேன். பிறகு, "அலமாரிச் சாவி எடம் மாறி இருந்துச்சு அத்தான், அதான்..." என்று இழுத்தேன்.

"ஏன்ம்மா, கத்தி கொறையுதா?"

"இல்ல, இல்ல. எல்லாம் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"சும்மாதான் அத்தான்" என்று மழுப்பினேன். அவரே சொன்னார்: "ஞாயித்துக்கெழம வாரேன். நேர்ல பேசிக்குவோம்."

ஞாயிற்றுக்கிழமை வந்தார். வாசலில் கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கணவர் மகளைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகிறேன் என்று நழுவிவிட்டார். மாமியார் வீட்டுப் பின்னால் இருந்தார். நான் டின்னைக் கொண்டுவந்து வைத்தேன். கைப்பேசியில் என் படத்தைத் திறந்து கத்தியின் பக்கத்தில் வைத்தேன்.

அவர் படத்தைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார். முகம் கறுத்தது.

"அப்ப நான் மாத்திட்டேங்கிற."

"நான் அப்படிச் சொல்லலே அத்தான்."

"சொல்லத்தான் இல்ல." சட்டைப் பையிலிருந்து தன் கைப்பேசியை எடுத்தார். "நானும் படம் எடுத்து வச்சிருக்கேன்ம்மா."

"எதுக்கு?"

"எதுக்குன்னா... நீ எதுக்கு எடுத்தியோ அதுக்குத்தான்."

சாமி மேடை முன்னால் எடுத்த படம். தாம்பாளத்தில் கத்திகளை விரித்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். அடுத்தடுத்த படங்களில் ஒவ்வொரு கத்தியும் தனித்தனியாக. நான் எடுத்ததைவிட ஒழுங்காக எடுத்திருந்தார். ஆயிரத்து ஐந்நூறு என்று இவள் அம்மாவிடம் சொல்கிறாள், வெளியே எவ்வளவுக்கு விற்பாளோ, எத்தனையைக் கணக்கில் காட்டுவாளோ என்று அவருக்கு ஒரு யோசனை. அதை அவர் வாயால் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

அவருடைய படத்திலும் கத்தி பளபளப்பாகத்தான் இருந்தது.

"பூசையிலயே இப்படித்தான் இருந்துச்சா?"

"இப்படித்தான் இருந்துச்சு. நான் வந்தப்பவே தாம்பாளத்துல இருந்துச்சு."

நான் கத்தியைக் கையில் எடுத்தேன். என் பழைய படத்தில் மான்கொம்புப் பிடியில், ஆணி அடித்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு விரிசல் ஆறு மாதிரி வளைந்து போகும். கையிலிருந்த கத்தியிலும் அதே இடத்தில், அதே வளைவில் விரிசல் ஓடியது. ஆனால் இப்போது அது சிவப்பாக இருந்தது. நகத்தால் கீறினேன். குங்குமம்.

அதே கத்திதான்.

அப்போதுதான் வீட்டுப் பின்னாலிருந்து வந்துகொண்டிருந்த சத்தம் காதில் ஏறியது. வெகுநேரமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது. கரகர, கரகர. கம்பி நார் உலோகத்தில் உரசும் சத்தம். அத்தானும் தலையைத் திருப்பினார்.

மாமியார் குழாயடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து குத்துவிளக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கரைத்த புளி, ஒரு கிண்ணத்தில் சாம்பல், கையில் கம்பி நார்.

"அம்மா," என்றார் அத்தான், "அப்பா கத்தியெல்லாம் நீயா கழுவுனே?"

"பின்ன யாரு கழுவுவா? உன் பொண்டாட்டியா வந்து கழுவுனா?" தேய்ப்பதை நிறுத்தாமல் சொன்னார். "கருகருன்னு கெடந்துச்சு. சாமிகிட்ட வைக்கிற ஆயுதத்த அழுக்கோடவா வைப்பாங்க? காலைல உக்காந்தேன், கை வீங்கிப் போச்சு."

அத்தான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்கப்பா இருந்தவரைக்கும் ஒரு வருசம்கூட அந்த டின்ன பூசையில வைக்க விட்டதில்ல. நான் எண்ணெ போட்டுட்டேன் போதும்பாரு. தொடவே விடமாட்டாரு." விளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இந்த வருசமாச்சும் வச்சேன். எப்படி மின்னுச்சு தெரியுமா? பாத்தியா நீ?"

என்னைத்தான் கேட்டார்.

"பாத்தேன் அத்தை," என்றேன். "நல்லா மின்னுது."

வாசலுக்குத் திரும்பி வந்ததும் அத்தான் மெதுவான குரலில் கேட்டார். "இப்ப எவ்ளோ போகும்?"

"பாதி. பாதிக்கும் கீழகூட போகலாம்."

அவர் டின்னை மூடினார். "வா. ரெண்டு பேருமே போவோம்."

அவர் கூட வந்தது எனக்கு உதவிக்கா, காவலுக்கா என்று காரில் போகும்போதும் யோசித்தேன். இரண்டுமாக இருக்கலாம். என்னை நம்ப ஆரம்பித்துவிட்டார் என்று நினைக்க ஆசையாக இருந்தது. ஆனால் ஒரு படத்தால் வந்த நம்பிக்கை எத்தனை நாள் நிற்கும்?

கடைக்காரர் கத்தியை விரித்ததுமே உதட்டைப் பிதுக்கினார்.

"ஐயோ. கழுவிட்டே. பாத்திரம் மாதிரி கழுவிட்டே லா. நான்தான் சொன்னேனே, தொடாதேன்னு."

"நான் தொடலே."

"யாரோ தொட்டாச்சு. இருநூறு."

வருத்தப்படுகிறாரா, வாய்ப்பு கிடைத்தது என்று நினைக்கிறாரா? இரண்டு பாவனையும் அவர் முகத்தில் தெரிந்த மாதிரி இருந்தது. நான் கத்தியை வாங்கி மடக்கினேன். டக் என்றது. திரும்ப விரித்தேன்.

"ஸ்பிரிங்கு சத்தம் கேட்டீங்கல்ல? அலக தீட்டவே இல்ல, முழு அகலம் இருக்கு. முத்திரை ஆழமா இருக்கு, ஒரு எழுத்தும் போகல. கொம்பு மாத்தாதது. போனது நெறமும் இலையும்தான். கழுவுன கத்திங்க கழுவாததுல பாதி வெலைக்கு வித்திருக்கு, நான் பாத்திருக்கேன். எழுநூறுல பாதி முந்நூத்தம்பது. உங்க லாபம் போக முந்நூறு."

"இருநூத்தம்பது."

"முந்நூறு."

அத்தான் மேசையில் சாய்ந்து நின்று கடை முதலாளியைப் பார்த்தார். "தவுக்கே, அவ கணக்கு டீச்சர். அர மார்க்கு கொறைக்க விட மாட்டா. கொடுத்துடுங்க."

கடைக்காரர் சிரித்துவிட்டார். முந்நூறு கொடுத்தார். மற்றவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து அதே மாதிரி பேசினோம். கடைசியில் எல்லாம் சேர்த்து எண்ணூறுக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. கிட்டத்தட்ட அத்தானின் கூட்டாளி பார்க்காமலே சொன்ன விலை. கடைக்கு வெளியே வந்ததும் அதை இருவரும் ஒரே நேரத்தில் நினைத்திருப்போம்.

"அம்மாகிட்ட என்ன சொல்றது?" என்றார்.

உண்மையைச் சொன்னால் ஒரே வாக்கியத்தில் என் பேர் தப்பிவிடும்: நீங்கள் தேய்த்ததால் விலை பாதியாகிவிட்டது. ஆனால் குழாயடியில் அவர் முகம் இருந்த விதம் எனக்கு நினைவு வந்தது. கணவர் உயிரோடு இருந்தவரை தொடவிடாத பொருளை ஒரே ஒருமுறை தன் கையால் கழுவி, பொட்டு வைத்து, சாமி முன் வைத்தவர். அந்தக் காலைப்பொழுதுதான் கத்தியைக் கெடுத்தது என்று நான் எப்படிச் சொல்வேன்?

"சந்தை எறங்கிடுச்சுன்னு சொல்லிடலாம் அத்தான்."

"சரி. அதையே நானும் சொல்றேன்."

அங்கேதான் தவறிவிட்டோம். மாமியார் பணத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "அறுநூறு போவும்னியே, அந்த ஒன்னு?"

"சந்தை எறங்கிடுச்சு அத்தை."

அத்தானைப் பார்த்தார். "ஏன்டா?"

"சந்தை எறங்கிடுச்சும்மா."

மாமியார் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அதுவரை ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்க்காத இருவர், ஒரே காரில் வந்து இறங்கி, ஒரே வார்த்தையைச் சொல்கிறோம்.

"கார்லயே பேசி வச்சுக்கிட்டு வந்தீங்களா ரெண்டு பேரும்?"

"என்னம்மா நீ..."

"நான் ஒன்னும் கேக்கலப்பா. நான் என்ன படிச்சவளா?"

பணத்தைச் சரிபாதியாகப் பிரித்தார். அத்தானிடம் ஒரு பாதியை நீட்டினார். மறுபாதியை என் கணவர் திரும்பி வந்ததும் அவர் கையில்தான் கொடுத்தார். என் கையில் கொடுக்கவில்லை. வெறும் டின்னை மறுபடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அன்று முதல் அந்தச் சாவி ஆணியில் தொங்குவதில்லை. நல்லதுதான், பாப்பாவுக்கு எட்டாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம், அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருக்கலாமோ என்றும் தோன்றும். சொல்லியிருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்று உடனே அதையும் மறுப்பேன்.

அடுத்த ஆயுத பூசைக்கு அத்தான் குடும்பத்தோடு வந்திருந்தார். தாம்பாளத்தில் காய் வெட்டும் கத்தி ஒன்றுதான் இருந்தது. மாமியார் அதையும் புளி போட்டுத் தேய்த்துப் பொட்டு வைத்திருந்தார். கற்பூரம் காட்டி முடித்ததும் அதை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"டீச்சரம்மா, இது எவ்ளோ போகும்?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், ஆனால் கண் என் முகத்தை விட்டு நகரவில்லை. எதிரே அத்தான் நிற்கிறார் என்று தெரியும். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. அவரும் என் பக்கம் திரும்பவில்லை. பார்த்துக்கொண்டால் அதையும் மாமியார் கணக்கில் வைத்துக்கொள்வார்.

"இது விக்கிறதுக்கு இல்ல அத்தை" என்று சொல்லிவிட்டு, கத்தியை வாங்கி மகளுக்கு எட்டாத இடமாகப் பார்த்து வைத்தேன்.